கல் தண்ணீரில் கரைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனிமங்கள் கரைவதைப் பற்றிப் பேச்சு வந்தால், எது கரையும், எது கரையாது என்ற பட்டியலோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கரைதல் எந்த இடத்தில் நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் அடுக்கில், அதிலும் சில குறிப்பிட்ட புள்ளிகளில்தான் காரியம் நடக்கிறது. எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல், அந்தப் புள்ளிகளைக் காட்டிவிட்டால் தானாகவே விடை கிடைத்துவிடும் கேள்விகள்தான். அதனால் இந்தப் பக்கம் மேற்பரப்பை விட்டு அதிகம் விலகாது.

கல்லெல்லாம் உண்மையிலேயே தண்ணீரில் கரையுமா?

கரையும். எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் கல்லுப்பை ஏற்றுக்கொள்ளும். ஜிப்சம் ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் கரையும். சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட், கார்பன் டை ஆக்சைடு கலக்காத தூய நீரில் லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சுமார் 10 மில்லிகிராம்.

தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது ஒரு காலத்தில் எங்கோ கல்லாக இருந்தது. தெளிந்த தண்ணீர் என்று நாம் குடிப்பதில் கண்ணுக்குத் தெரியாமல் பாறை இருக்கிறது.

கரைவதும் உருகுவதும் ஒன்றா?

இல்லை. உருகும்போது வெப்பமே படிகத்தின் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. கரையும்போது அந்த வேலையைத் தண்ணீர் மூலக்கூறுகள் செய்கின்றன. உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரைய அறை வெப்பநிலையே போதும்.

அவ்வளவு கெட்டியான படிகத்திலிருந்து தண்ணீரால் எப்படி அயனிகளை, அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்களை, பிரிக்க முடிகிறது?

தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு முனை உண்டு. ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின் தன்மை. உப்புப் படிகத்தின் ஓரத்தில் இருக்கும் சோடியம் அயனியை ஆக்சிஜன் முனைகள் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடு அயனியை ஹைட்ரஜன் முனைகள். பிரிந்து வரும் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஏறக்குறைய ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சுற்றி நிற்கும். தண்ணீருக்குள் வந்தபின், எதிரெதிர் அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு வெற்றிடத்தில் இருப்பதைவிட சுமார் எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதனால் பிரிந்தவை உடனே போய் ஒட்டிக்கொள்வதில்லை.

சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த சிலிகேட் கனிமங்களில் கதை வேறு. குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன் பாலங்களால் அக்கம்பக்கத்தோடு பிணைந்திருக்கிறது. அங்கே சூழ்ந்துகொண்டு இழுத்தால் மட்டும் போதாது; தண்ணீர் மூலக்கூறு அந்தப் பாலத்தில் மோதி, தானும் உடைந்து, பாலத்தையும் உடைக்க வேண்டும். நான்கு பாலங்களும் ஒவ்வொன்றாக அறுந்த பிறகே சிலிக்கான், சிலிசிக் அமில மூலக்கூறாகத் தண்ணீருக்குள் வரும். ஒரு பாலம் அறுந்து அடுத்தது அறுவதற்குள் முதலாவது மறுபடி ஒட்டிக்கொள்வதும் நடக்கும். மணல் ஏன் மணலாகவே இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

படிகத்தின் மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கரையுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கரையாது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் படிக முகத்தை அணு அளவில் பார்த்தால், அது படிக்கட்டுகள் நிறைந்த மைதானம் போலிருக்கும். அகலமான தளங்கள், தளம் முடியும் இடத்தில் ஒரு படி, அந்தப் படியின் விளிம்பு நேராக ஓடாமல் மடங்கும் இடங்களில் முக்குகள். 1920களின் பிற்பகுதியில் கோசெல், ஸ்ட்ரான்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியே இந்தச் சித்திரத்தை முன்வைத்தார்கள்.

கனசதுரச் செங்கற்களை அடுக்கியதாக நினைத்துப் பாருங்கள். அடுக்கின் உள்ளே இருக்கும் கல்லுக்கு ஆறு பக்கமும் துணை. தளத்தின் நடுவே இருப்பதற்கு ஐந்து. படியின் விளிம்பில் இருப்பதற்கு நான்கு. முக்கில் இருப்பதற்கு மூன்றே மூன்று. ஐந்து பிணைப்பை அறுப்பதைவிட மூன்றை அறுப்பது மிக எளிது. அதைவிட முக்கியமான ஒன்று: முக்கில் இருந்த கல் போனதும், அதற்கு அடுத்த கல் இப்போது முக்காகிவிடுகிறது. அதற்கும் மூன்றே துணை. இப்படியே படியின் விளிம்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டே போகும், பின்னிய துணியில் ஒரு நூலை இழுத்தால் வரிசையே பிரிவதைப் போல.

இது வெறும் கற்பனைச் சித்திரமல்ல. அணுவிசை நுண்ணோக்கி 1986இல் வந்தது. அதன் கூர்முனையைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி, கரைந்துகொண்டிருக்கும் கால்சைட்டின் மேல் ஓட்டிப் பார்க்க முடியும் என்று 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள். அந்தப் படங்களில் முதலில் ஒன்றுமில்லாத சமதளம். பிறகு ஒரு சின்னச் சாய்சதுரக் குழி. ஆழம் 0.3 நானோமீட்டர், அதாவது ஒரே ஓர் அடுக்கு. அடுத்தடுத்த படங்களில் குழி அகலமாகிறது. ஆனால் நான்கு பக்கமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை: இரண்டு ஓரங்கள் விறுவிறுவென்று விலகுகின்றன, எதிரே உள்ள இரண்டும் தயங்கித் தயங்கி நகர்கின்றன. ஒரே கனிமம், ஒரே தண்ணீர், ஒரே குழி. படி சாய்ந்திருக்கும் கோணம் மட்டும்தான் வேறு. பல பத்தாண்டுகளாகச் சமன்பாட்டில் வெறும் ஊகமாக இருந்த படிகள் கண்ணெதிரே நகர்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

அந்த முதல் குழி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் படிகத்தின் குறையிலிருந்து. எந்தப் படிகமும் நூறு விழுக்காடு ஒழுங்காக வளர்வதில்லை. அடுக்குகள் ஓரிடத்தில் பிசகி, சுருள் மாடிப்படி போல ஏறிப் போயிருக்கும். அல்லது ஒரு வரிசை பாதியில் நின்றிருக்கும். அந்தப் பிசகைச் சுற்றி அணுக்கள் இறுக்கத்தில் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்கக் குறைந்த ஆற்றல் போதும். தண்ணீர் முதலில் அங்கேதான் நுழைகிறது. பிசகு படிகத்தின் ஆழம் வரை ஓடுவதால் குழியும் ஆழமாகிக்கொண்டே போகிறது.

பாறைகளில் பரவலாக இருக்கும் சிலிகேட் கனிமம் ஃபெல்ட்ஸ்பார். மண்ணிலிருந்து எடுத்த அதன் மணிகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், வடிவம் மாறாத குழிகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். மணி மேலிருந்து சீராகத் தேய்ந்திருந்தால் இப்படி இருக்காது. 1970களின் இறுதியில் ராபர்ட் பெர்னர், ஹோல்ட்ரன் என்ற புவிவேதியியலாளர்கள் இந்தக் குழிகளை வைத்துத்தான், ஃபெல்ட்ஸ்பாரின் மேல் ஒரு தடித்த காப்புப் படலம் உருவாகிக் கரைதலைத் தடுக்கிறது என்ற அன்றைய எண்ணத்தை மறுத்தார்கள்.

தண்ணீர் ஏற்கெனவே ஏறக்குறைய தெவிட்டிய நிலையில், அதாவது இனிமேல் கரைக்க முடியாத அளவுக்கு நிறைந்து, இருந்தால் புதுக் குழிகள் திறப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் படிகள் மட்டும் மெல்ல நகரும். அதனால் தண்ணீர் தெவிட்டிய நிலையை நெருங்கும்போது வேகம் சீராகக் குறையாமல், ஒரு கட்டத்தில் சட்டென்று சரிந்துவிடும்.

கலக்கினால் சீக்கிரம் கரையுமா?

கனிமத்தைப் பொறுத்தது. ஒரு உப்புக்கல்லை நூலில் கட்டித் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கல்லிலிருந்து கண்ணாடி இழை போல ஏதோ நெளிந்து கீழே இறங்கும். அது உப்பு நிறைந்த, கனமான தண்ணீர். உப்பு அவ்வளவு வேகமாக அவிழ்கிறது. அவிழ்ந்தது விலகிப் போக நேரமாவதுதான் தாமதம். கலக்கினால் அந்தத் தெவிட்டிய நீர்ப்படலம் மெலிந்து, கரைதல் வேகமெடுக்கும். நாயஸ், விட்னி இருவரும் 1897இல் எழுதிய சமன்பாடு இந்த நிலைமைக்கானது.

குவார்ட்ஸில் அவிழ்வதுதான் தாமதம். அவிழ்ந்தது விலகிப் போக ஏராளமான நேரம் இருக்கிறது. எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் பயனில்லை. 1978இல் பெர்னர் இதை அழகாக வகைப்படுத்தினார்: நன்றாகக் கரையும் கனிமங்களில் விரவுதல், அதாவது அவிழ்ந்தது தண்ணீரில் விலகிப் பரவுவதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும், அரிதாகக் கரைபவற்றில் மேற்பரப்பு வினை. கால்சைட் இரண்டுக்கும் நடுவில் நின்று, தண்ணீரின் தன்மைக்கேற்பப் பக்கம் மாறும்.

அதிகம் கரைவதும் வேகமாகக் கரைவதும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் உண்டு. மேலே சொன்ன எண்களைப் பாருங்கள்: தூய நீரில் கால்சைட் 14 மில்லிகிராம், குவார்ட்ஸ் 10. கிட்டத்தட்ட சமம். ஆனால் அந்த அளவை எட்டும் வேகத்தில், ஒரே அளவு பரப்புக்குக் கால்சைட் குவார்ட்ஸைவிடக் கோடி மடங்கு அளவில் முந்துகிறது. கரைதிறன், எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்கிறது. வேகம், மேற்பரப்பில் ஒரு பிணைப்பை அறுக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைச் சொல்கிறது.

வேதிச் சேர்மானம் ஒன்றாக இருந்தாலும் அடுக்கு முறை மாறினால் கரைதிறனே மாறிவிடும். ஒழுங்கான அடுக்கு இல்லாத சிலிக்கா லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கரையும், குவார்ட்ஸைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு.

தெவிட்டிய கரைசலில் கரைதல் நின்றுவிடுமா?

நிற்காது. போவதும் வருவதும் சமமாகிவிடும், அவ்வளவுதான். மிக நுண்ணிய பொடியைத் தெவிட்டிய கரைசலில் நெடுநாள் விட்டுவைத்தால் சிறு துகள்கள் மறைந்து பெரியவை மேலும் பெரிதாகியிருக்கும். சிறு துகளின் வளைந்த மேற்பரப்பில் துணை குறைந்த அணுக்கள் அதிகம் என்பதால் அதன் கரைதிறன் சற்றுக் கூடுதல். அங்கே இழந்தது இங்கே வந்து சேர்கிறது.

பொடியாக்கினால் ஏன் அவ்வளவு வேறுபாடு?

பரப்பு கூடுவதால். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தம் 6 சதுர மீட்டர், பத்தாயிரம் மடங்கு. ஆனால் பரப்பு மட்டும் காரணமல்ல. இடித்து அரைக்கும்போது புதிய படிகள், முக்குகள், பிசகுகள் ஏராளமாகப் பிறக்கின்றன. அதனால்தான் புதிதாக அரைத்த பொடி முதல் சில நாட்கள் வெகுவேகமாகக் கரைந்து, பிறகு நிதானப்படும். அந்த முதல் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தவறான விடைதான் வரும்.

அமிலம் என்ன செய்கிறது? மழைநீரும் அமிலமா?

பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். மாசில்லாத மழைநீரின் பிஎச் மதிப்பே சுமார் 5.6தான், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாவதால். அந்த மெல்லிய அமிலமே கால்சைட்டின் கரைதிறனை லிட்டருக்கு 14இலிருந்து ஏறக்குறைய 50 மில்லிகிராமாக உயர்த்திவிடுகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு காற்றில் இருப்பதைப் போலப் பத்து முதல் நூறு மடங்கு வரை இருக்கும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் இன்னும் அதிகம் கரைக்கும். சுண்ணாம்புக்கல் குகைகள் குடையப்பட்டது பெரும்பாலும் இப்படித்தான். குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு வெளியேறிவிட, கரைந்தது மீண்டும் கல்லாகி விழுதுகளாகத் தொங்குகிறது.

சிலிகேட்டுகளில் ஹைட்ரஜன் அயனி மேற்பரப்பின் ஆக்சிஜனில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பிணைப்பைத் தளர்த்துகிறது. ஃபெல்ட்ஸ்பார் நடுநிலை நீரில் மிக மெதுவாகவும், அமிலத்தில் வேகமாகவும், காரத்திலும் வேகமாகவும் கரையும்.

உங்கள் பல்லும் இதில் சேர்த்திதான். பல் எனாமல் என்பது ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கனிமம். வாயில் பிஎச் சுமார் 5.5க்குக் கீழே போனால் அது கரையத் தொடங்கும். ஃப்ளூரைடு புகுந்த அபடைட் அதைவிட அமிலத்தைத் தாங்கும்.

மிகச் சிறிய அளவில் வேறொரு பொருள் சேர்ந்தால் கரைதல் நிற்குமா?

நிற்கலாம். தண்ணீரின் சுவையோ நிறமோ மாறாத அளவுக்குப் பாஸ்பேட் இருந்தாலே கால்சைட் கரைவது வெகுவாகக் குறையும். முக்குகளே வேலை நடக்கும் இடம் என்றால், முழுப் பரப்பையும் மூட வேண்டியதில்லை. முக்கில் போய் உட்கார்ந்தால் போதும், அந்தப் படியே நின்றுவிடும்.

சூடாக்கினால்?

வேகம் ஏறும், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். அளவு ஏறும் என்று சொல்ல முடியாது. கால்சைட் சூட்டில் குறைவாகக் கரையும். கார்பன் டை ஆக்சைடும் சூட்டில் வெளியேறிவிடும். கொதிகலன்களில் சுண்ணாம்பு படிவது அதனால்தான்.

ஒரு கனிம மணி முழுதாகக் கரைய எத்தனை காலம்?

1984இல் அன்டோனியோ லசாகா என்ற புவிவேதியியலாளர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு மில்லிமீட்டர் படிகம், 25 டிகிரி, பிஎச் 5. கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பாரான அனார்த்தைட் 112 ஆண்டு. சோடியம் வகையான ஆல்பைட் 80,000 ஆண்டு. குவார்ட்ஸ் 3 கோடியே 40 லட்சம் ஆண்டு. பிற்கால அளவீடுகள் சில எண்களைத் திருத்தின, வரிசை பெருமளவு அப்படியே நிற்கிறது. கோல்டிச் என்ற புவியியலாளர் 1938இலேயே களத்தில் பாறைகளைப் பார்த்து, எது முதலில் சிதைகிறது, எது கடைசி என்று எழுதிய வரிசையோடும் இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கடற்கரைகளில் குவார்ட்ஸ் மணல் மிஞ்சி நிற்பதற்கும் இதுவே காரணம்: மற்றவை போய்விட்டன.

ஆய்வகத்தில் அளந்த வேகமும் மலையில் நடக்கும் வேகமும் ஒத்துப்போகுமா?

போகாது. இயற்கையில் நடப்பது ஆய்வக வேகத்தைவிட நூறிலிருந்து லட்சம் மடங்கு வரை மெதுவாக இருக்கிறது. பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. பாறை இடுக்கில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய தெவிட்டியே இருக்கும். மணியின் பல பக்கங்களைத் தண்ணீர் தொடுவதே இல்லை. களிமண்ணும் இரும்புத்துருவும் மூடியிருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நனைந்த மேற்பரப்பில் எளிதில் அவிழும் இடங்கள் எப்போதோ தீர்ந்துவிட்டிருக்கும்.

ஒரு கனிமத்துக்கு ஒரே ஒரு வேக எண் என்று அட்டவணையில் எழுதும் பழக்கமே சிக்கலின் வேர் என்பது என் எண்ணம். ஒளிக் குறுக்கீட்டு நுண்ணோக்கியால் மேற்பரப்பின் உயரத்தைப் புள்ளி புள்ளியாக அளந்தவர்கள், ஒரே படிக முகத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்களே மிக வேறுபட்ட வேகத்தில் கரைவதைக் கண்டிருக்கிறார்கள். சராசரி எண் அந்த வேறுபாட்டையெல்லாம் மறைத்துவிடும்.

கரைந்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடுமா?

உப்பில் போய்விடும். ஃபெல்ட்ஸ்பாரில் பாதிக் கதைதான் தண்ணீரில். சோடியம், பொட்டாசியம், கொஞ்சம் சிலிக்கா ஆற்றோடு போகும். அலுமினியமும் மீதிச் சிலிக்காவும் கயோலின் போன்ற களிமண்ணாக அங்கேயே தங்கும். நாம் மிதிக்கும் மண்ணில் பெரும்பகுதி இப்படி மிஞ்சியது. எளிதில் கரையும் அயனிகள் முதலில் வெளியேறி எலும்புக்கூடு போன்ற படலம் மிஞ்சுகிறதா, அல்லது முழுவதும் கரைந்து அதே இடத்தில் உடனே புதிதாகப் படிகிறதா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே நெடுநாளாக நடக்கிறது. பழைய கனிமத்துக்கும் புதிய படலத்துக்கும் நடுவே எல்லைக்கோடு கத்தியால் வெட்டியது போல இருப்பதைக் காட்டும் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்தபின் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

இரும்புக் கனிமங்களும் இப்படித்தானா?

அவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. துருநிற இரும்பு ஆக்சைடுகள் நடுநிலை நீரில் அசையவே அசையாது. ஆனால் ஆக்சிஜன் இல்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் அந்த இரும்புக்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் அது எளிதில் கரையும் வகையாக மாறிவிடுகிறது. அதன் மேல் ஒட்டியிருந்த ஆர்சனிக் என்ற நஞ்சும் கூடவே தண்ணீருக்குள் வரும். வங்க டெல்டாவின் குழாய்க் கிணறுகளில் நேர்ந்த பெருந்துயரத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

காற்றில் சேரும் கார்பனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கால்சியம், மெக்னீசியம் சிலிகேட்டுகள் கரையும்போது கார்பானிக் அமிலம் செலவாகிறது. அந்தக் கார்பன் கடைசியில் கடலடியில் சுண்ணாம்பாகப் படிகிறது. வேதியியலாளர் எபல்மென் இதை 1845இலேயே எழுதிவிட்டார், இன்னொரு வேதியியலாளர் யூரே 1952இல் மீண்டும் எடுத்துரைத்தார். லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் இந்த வேலையை ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டம் விரைவுபடுத்திப் பார்த்தது: 2012இல் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துப் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டு ஆண்டுக்குள் 95 விழுக்காட்டுக்கு மேல் கல்லாகிவிட்டதாக 2016இல் அறிவித்தார்கள். பசால்ட் வேகமாகக் கரைந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் விட்டுக்கொடுத்ததால்தான் இது நடந்தது.

இதையெல்லாம் நானே கண்ணால் பார்க்க வழி உண்டா?

அணுவைப் பார்க்க முடியாது, அதன் விளைவைப் பார்க்கலாம். தட்டையான முகங்களும் கூர்மையான விளிம்பும் உள்ள பெரிய உப்புக்கல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேறு உப்பைத் தண்ணீரில் இனிமேல் கரையாது என்னும் வரை கரைத்து, தெளிந்த நீரை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி, கல்லை அதில் வையுங்கள். ஒன்றும் நடக்காது. இப்போது உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லின் ஓரமாகச் சாதாரணத் தண்ணீர் இரண்டு சொட்டு விடுங்கள். முதலில் மங்குவது மூலைகள். பிறகு விளிம்புகள் உருண்டு வரும். தட்டையான முகம் அதற்குப் பிறகும் சற்று நேரம் பளபளப்பாகவே இருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால், அந்தப் பளபளப்பிலும் அங்கங்கே பள்ளம் விழத் தொடங்குவது தெரியும்.